முகூர்த்த வேளையில் நின்றுபோன கமரா



யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடு ஒன்றை மனக்கண் முன் நிறுத்திக் கொள்ளுங்கள். மணவறையிலே மாப்பிள்ளை எழுந்து நிற்கிறார். ஐயர் தாலிக்கொடியை எடுத்து அவர் கையிற் கொடுக்கிறார். ஐயரின் கையசைப்பை எதிர்பார்த்து நாதசுரக்காரரும் தவிற்காரரும் காத்திருக்கின்றனர். சபையில் உள்ளோர் அறுகரிசியைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். அந்த அரை நிமிட நேரத்தை எதிர்காலத்துக்கெனப் பதிவு செய்யவேண்டிய ஒருவர், மணவறைக்கு எதிரே ஒரு காலை மடித்து அமர்ந்தபடி கமராவின் பொத்தானை அழுத்துகிறார். கமரா அசையவில்லை. மறுபடியும் அழுத்துகிறார். சற்று முன்னர் எடுத்த படம் திரையிலே அப்படியே நிற்கிறது. கெட்டிமேளம் முழங்குகிறது, அறுகரிசி மழையாய்ப் பொழிகிறது, கமரா மட்டும் ஊமையாய் இருக்கிறது.

தொழிலில் உள்ளோர் இதனைக் 'கமரா ஸ்ரக் ஆகிவிட்டது' என்று சொல்வார்கள். பெயர் எதுவாயினும், அந்த வேளையிற் படப்பிடிப்பாளரின் நெஞ்சில் உண்டாகும் கலக்கம் ஒன்றுதான். டிஜிற்றல் கமரா இவ்வாறு நடுவேலையில் நின்றுபோவதற்குக் காரணங்கள் யாவை, நின்றுபோன அந்த நிமிடத்திற் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் யாவை, அந்த நிலை வராமற் காப்பது எவ்வாறு என்பவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். நான் கமரா திருத்தும் தொழில்நுட்பவியலாளன் அல்லன். குடாநாட்டின் கல்யாண வீடுகளிலும் கோயில் வீதிகளிலும் பல ஆண்டுகள் படம் பிடித்துத் திரிந்தவன். ஆகவே, நான் சொல்லப்போவதில் ஒரு பகுதி கைந்நூல்களிற் படித்தது. மறுபகுதி பட்டுத் தெளிந்தது.

ஒரு படம் போனால் உலகம் முடிந்துவிடுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 30ஆந் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டு, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். கைக்கு அகப்பட்ட உடுபுடைவையையும் காணி உறுதிகளையும் எடுத்துக்கொண்டு போனவர்கள், சுவரில் மாட்டிய படங்களையும் அலுமாரியில் இருந்த அல்பங்களையும் விட்டுப்போனார்கள். திரும்பி வந்தபோது பல வீடுகளிற் கூரையே இல்லை; படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையின் முகத்தை ஓர் அடையாள அட்டைப் படத்தில் மாத்திரம் காணும் பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். இன்னொன்று: ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் உள்ள உறவினருட் பலர், ஊரில் நடக்கும் நன்மை தீமைகளைக் காண்பது படத்திலேதான். ஆகவே, இந்த மண்ணிற் படம் பிடிப்பவன் ஒரு குடும்பத்தின் ஞாபகத்தைக் கையில் ஏந்தி நிற்கிறான்.

இனி, என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர், வடமராட்சியில் ஒரு கல்யாணம். அதிகாலையிலேயே பெண் வீட்டுக்குப் போய்விட்டேன். பெண்ணுக்குப் பாலறுகு வைத்துத் தோயவார்க்கும் சடங்கிலிருந்து படம் பிடிக்கத் தொடங்கினேன். எல்லாம் ஒரே மெமரி காட்டில் ஏறிக்கொண்டிருந்தன. சரியாகத் தாலி கட்டும் வேளையிற் கமரா நின்றுபோயிற்று. கமராவின் ஓரத்திலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பதற்றத்தில் நான் பற்றரியை இழுத்தெடுத்து, மீண்டும் செருகினேன். கமரா உயிர் பெற்றது. ஆனால், காட்டை வாசிக்க இயலவில்லை, புதிதாக அமைக்கவா, அதாவது 'போமற்' செய்யவா என்று திரையிற் கேட்டது. பின்னால் நின்றவர்கள் 'தம்பி, எடு, எடு' என்று அவசரப்படுத்தினார்கள். வேறு காட் கைவசம் இல்லை. 'ஆம்' என்று அழுத்திவிட்டு, அதே காட்டில் மாலைவரை படம் பிடித்தேன்.

அன்றிரவு ஒரு மீட்பு மென்பொருளைக் கொண்டு அந்தக் காட்டைத் துருவியபோது, காலையில் எடுத்த படங்களுட் கடைசிப் பகுதி மாத்திரம் அகப்பட்டது. தாலி கட்டிய காட்சியை விருந்தினர் ஒருவர் தமது கைப்பேசியில் எடுத்திருந்தார். அதனால் அது பிழைத்தது. பாலறுகுப் படங்கள் ஒன்றுகூடத் திரும்பவில்லை. உள்ளதை உள்ளவாறு வீட்டாரிடம் சொன்னேன். தாலி கட்டிய படம் இருக்கிறதுதானே என்று அவர்கள் பெருந்தன்மையோடு விட்டுவிட்டார்கள். நான்கு மாதங்களின் பின் பெண்ணின் தாயார் என்னிடம் வந்தார். அம்மம்மா காலமாகிவிட்டாராம். அந்தியேட்டிக் கல்வெட்டில் அச்சிடுவதற்கு, அவர் சிரித்த முகத்தோடு பேத்திக்குப் பாலறுகு வைத்த படம் ஒன்றாவது எங்கேயேனும் மிஞ்சியிருக்குமா, தம்பி, என்று கேட்டார். எல்லோரும் தேடிய தாலிப் படம் கிடைத்தது. எவரும் பெரிதாக எண்ணாத அந்தப் படம் போயே போயிற்று. அன்றைக்குத்தான் இந்த விஷயத்தை முறையாகப் படித்து அறிய வேண்டுமென்று நான் தீர்மானித்தேன்.

படித்தபின் தெரியவந்த முதல் உண்மை யாதெனில், காலைப் படங்களைக் கமராவின் கோளாறு அழிக்கவில்லை. என் அவசரமே அழித்தது. கமரா நின்றபோது அவை காட்டிற் பத்திரமாக இருந்திருக்க வேண்டும். இதனை விளங்கிக்கொள்ள, டிஜிற்றல் கமராவின் உள்ளே நடப்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் வழியே வரும் ஒளி, உணரி எனப்படும் சிறு தகட்டில் விழுந்து மின் சைகைகளாக மாறுகிறது. கமராவின் உள்ளிருக்கும் கணிப்பான் அச்சைகைகளை எண்களாக்கி, இடைத்தங்கல் நினைவகம் என்னும் ஓரிடத்திற் சிறிதுநேரம் வைக்கிறது. அங்கிருந்து படங்கள் ஒவ்வொன்றாக மெமரி காட்டுக்குச் செல்கின்றன. நெல்லு மூட்டைகள் வண்டியில் வந்து முற்றத்தில் இறங்குகின்றன. முற்றத்திலிருந்து ஒருவர் அவற்றைத் தூக்கிக் களஞ்சியத்தில் அடுக்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முற்றந்தான் இடைத்தங்கல் நினைவகம். களஞ்சியம் மெமரி காட். முற்றத்தில் உள்ளது மின்சாரம் இருக்கும்வரையே இருக்கும். பற்றரியை எடுத்தால் அழிந்துவிடும். களஞ்சியத்தில் அடுக்கியது மின்சாரம் இல்லாவிட்டாலும் நிலைத்திருக்கும். மூட்டை தூக்கப்படும் வேளையில் எரிவதுதான் அந்தச் சிவப்பு விளக்கு. அது எரியும்போது பற்றரியையோ காட்டையோ எடுத்தல் ஆகாது என்று கமராக் கைந்நூல்கள் வற்புறுத்துவது இதன்பொருட்டே. எழுதிக்கொண்டிருக்கும் ஏட்டைப் பறித்தால், எழுதும் வரி கெடுவதோடு, எந்தப் படம் எங்கே உள்ளது என்று காட்டும் அட்டவணையும் கெட்டுவிடக் கூடும்.

இந்தக் காத்திருப்பு டிஜிற்றல் கமராவோடு உடன்பிறந்தது. 1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரிலுள்ள கொடக் நிறுவனத்திற் பணிபுரிந்த ஸ்ரீவன் சாசன் என்னும் இளம் பொறியியலாளர், முதலாவது கையடக்க டிஜிற்றல் கமராவை உருவாக்கினார். அது எடுத்த ஒரு படத்தைக் கசற் நாடாவிற் பதிவதற்கு 23 செக்கன்கள் சென்றன. இன்றோ ஒரு செக்கனிற் பத்துப் படங்களுக்கு மேல் எடுக்கும் கமராக்கள் நம் கைகளில் உள்ளன. வேகம் பன்மடங்கு கூடியது உண்மையே. ஆனால், படம் எடுக்கும் வேகத்துக்கும் அதனை எழுதிவைக்கும் வேகத்துக்கும் இடையிலுள்ள ஓட்டப்போட்டி இன்னும் முடியவில்லை.

ஆதலால், கமரா அசையாது நின்றால் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி: இது நின்றுவிட்டதா, அல்லது வேலை செய்துகொண்டிருக்கிறதா? இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

வல்வெட்டித்துறைக் கடற்கரையிற் தைப்பொங்கல் நாளன்று நடைபெறும் பட்டத் திருவிழாவை நீங்கள் அறிவீர்கள். அங்கே படம் எடுக்கச் செல்பவர், பட்டம் ஒன்று எழும்பும்போது பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாகச் சுடுகிறார். 24 மெகாபிக்சல் கமராவில் மூல (RAW) வடிவப் படம் ஒன்று ஏறத்தாழ 25 முதல் 30 மெகாபைற் வரை இருக்கும். செக்கனுக்குப் பத்துப் படம் என்றால் 250 மெகாபைற்றுக்குக் குறையாது. காட்டிலே வி30 என்ற குறி இருந்தால், செக்கனுக்கு 30 மெகாபைற்றுக்குக் குறையாமல் எழுதும் என்பதே அதன் உத்தரவாதம். எனவே, ஒரு செக்கன் சுட்டதை எழுதிமுடிக்க எட்டுப் பத்துச் செக்கன்கள் செல்லலாம். முற்றம் நிறைந்ததும் கமரா புதிய படத்தை ஏற்க மறுக்கிறது. இது பழுதன்று. சற்றுப் பொறுத்தால் தானே வழிவிடும். காட்டின் மேலே பெரிய எழுத்தில் அச்சிடப்படும் 100, 170 போன்ற எண்கள் பெரும்பாலும் வாசிக்கும் வேகத்தின் உச்சத்தையே குறிப்பன. எழுதும் வேகத்தை அறிய வி30, வி60, வி90 முதலிய குறிகளையே பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நெடுநேர ஒளிப்பதிவு. பருத்தித்துறைக் கடற்கரையிலே இரவு வானத்து நட்சத்திரங்களை 30 செக்கன் திறந்து வைத்துப் படம் எடுக்கிறீர்கள். படம் முடிந்தபின்னும் இன்னொரு 30 செக்கன் கமரா பேசாது. படத்தில் உள்ள புள்ளிக் குறைகளை நீக்குவதற்காக, மூடிய நிலையில் அதேயளவு நேரத்துக்கு இருட்டுப் படம் ஒன்றை அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. அந்த வசதியை அமைப்புப் பட்டியலில் நிறுத்திவைத்தால் தாமதம் நீங்கும். மூன்றாவது, கோயில் வீதியின் மங்கிய ஒளியிற் குவியம் பிடிபடாவிட்டால், பல கமராக்கள் பொத்தானுக்கு இணங்குவதில்லை. அவ்வேளை வெளிச்சமுள்ள விளிம்பொன்றை நோக்கிக் குவியம் பிடிக்கலாம். அல்லது கையாற் குவியம் செய்யலாம்.

இவை ஒன்றும் இல்லாது, கமரா மெய்யாகவே நின்றுவிட்டது என்று வையுங்கள். அப்போது செய்யவேண்டியது என்ன? முதலாவது, சிவப்பு விளக்கைப் பாருங்கள். எரிந்தால் அல்லது சிமிட்டினால், கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடமாவது பொறுங்கள். மணவறை முன் அரை நிமிடம் என்பது ஒரு யுகம்போல் இருக்கும். ஆயினும் அந்த அரை நிமிடத்திற்றான் முன்னர் எடுத்த படங்களின் உயிர் இருக்கிறது. அந்த இடைவேளையிற் சும்மா இருக்க வேண்டியதில்லை; இரண்டாவது கமராவையோ, அதுவும் இல்லையேல் கைப்பேசியையோ எடுத்துத் தாலி கட்டுவதைப் படம் பிடியுங்கள். இரண்டாவது, விளக்கு அணைந்தபின் கமராவை ஆளியினால் நிறுத்துங்கள். ஆளிக்கும் இணங்காவிட்டால் மாத்திரம், கடைசி வழியாகப் பற்றரியை எடுங்கள். மூன்றாவது, காட்டை வெளியே எடுத்து, அதன் விளிம்பிலுள்ள சிறு பூட்டைப் பூட்டி, தனிப்பையில் வைத்துவிடுங்கள். அதில் இனி ஒரு படமும் எடுக்க வேண்டாம். நான்காவது, புதிய காட்டையும் புதிய பற்றரியையும் இட்டு வேலையைத் தொடருங்கள். திரையிற் கமரா எதைக் கேட்டாலும், போமற் செய்ய மட்டும் உடன்படாதீர்கள்.

காட்டைப் பூட்டி வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கமராவிற் போமற் செய்யும்போது பெரும்பாலும் அட்டவணை மாத்திரமே புதிதாக எழுதப்படுகிறது. படங்கள் தத்தம் இடங்களிலேயே கிடக்கின்றன. பின்னர் எடுக்கும் படங்களே அவற்றின்மேல் ஏறி அவற்றை அழிக்கின்றன. பொதுவாகத் தொடக்கத்திலிருந்தே மறுபடி எழுதப்படுவதால், முதலிலே எடுத்தவை முதலில் அழிகின்றன. என் காட்டில் அம்மம்மாவின் படம் போனதும், பிந்திய படங்கள் தப்பியதும் இவ்வாறுதான். மேலே எழுதாத காட்டிலிருந்து ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்களினாலேயே படங்களைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மீட்ட படங்களை அதே காட்டில் எழுதாது, கணினியில் வேறிடத்தில் எழுத வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

இனிக் காரணங்களுக்கு வருவோம். கமரா நின்றுபோனால் முதலிற் சந்தேகிக்கத் தக்கது மெமரி காட். என்னுடைய காட்டைப் பின்னர் கணினியில் இட்டு, முழுவதும் எழுதித் திரும்ப வாசித்துப் பார்த்தபோது இடையிடையே பிழைகள் காணப்பட்டன. எழுதமுடியாத ஓர் இடத்தில் அது தடுக்கி நிற்க, கமராவும் அதனோடு நின்றிருக்கிறது. தேய்ந்த காட்டுகள் ஒருபுறமிருக்க, போலிக் காட்டுகளும் உலகச் சந்தையில் உலவுகின்றன. 64 கிகாபைற் என்று கமராவுக்குச் சொல்லும். உள்ளே அதிற் கால்பங்கும் இராது. முழுவதும் எழுதி வாசிப்பதொன்றே அதனைக் கண்டுபிடிக்கும் வழி. புதிய காட் வாங்கினால், முதற் கல்யாணத்துக்குக் கொண்டுபோகு முன்னர் இச்சோதனையைச் செய்யுங்கள். படங்களைப் பிரதி செய்தபின், காட்டைக் கணினியில் அழிக்காது, உபயோகிக்கும் கமராவிலேயே போமற் செய்யுங்கள்.

அடுத்தது பற்றரி. இந்தக் கமராக்களில் இருப்பது லித்தியம் அயன் பற்றரி. 1991ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த இவ்வகைப் பற்றரிக்கு அடிகோலிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. எத்துணைச் சிறந்ததாயினும் அதற்கும் முதுமை உண்டு. முதிர்ந்த பற்றரியின் உட்தடை கூடுகிறது. ஓய்வாக இருக்கும்போது திரையில் நிறைவாகவே காட்டும். குவியம் பிடிக்கும் மோட்டாரும் ஷட்டரும் காட்டில் எழுதும் வேலையும் ஒரே கணத்தில் மின்னோட்டத்தைக் கேட்கும்போது, அதன் வோல்ற்றளவு சடுதியாக விழுகிறது. கணிப்பான் தடுமாறி நிற்கிறது. வயதானவர் தெருவில் நடக்கும்போது சுகமாகவே தோன்றி, படி ஏறும்போது இளைப்பதைப் போன்றது இது. ஒரு பற்றரியுடன் நிற்கும் கமரா இன்னொன்றுடன் நிற்காவிட்டால், குற்றவாளி யார் என்பது தெளிவு. வீங்கிய பற்றரியை உடனே விலக்கிவிட வேண்டும்.

மூன்றாவது, தொடுமுனைகள். லென்ஸ் கமராவோடு சேருமிடத்திலே பொன்னிறமான சிறு முனைகள் வரிசையாக உள்ளன. குவியம், துவாரம் பற்றிய கட்டளைகள் அவற்றின் வழியே செல்கின்றன. கனன் கமராக்களின் திரையில் 01 என்ற பிழையெண் தோன்றினால், லென்சுக்கும் கமராவுக்கும் இடையிலான தொடர்பு குறைவு, முனைகளைத் துடையுங்கள் என்று அதன் கைந்நூல் கூறுகிறது; 02 என்றால் காட்டைப் பற்றியது. நம் குடாநாடு மூன்று பக்கமும் கடல் சூழ்ந்தது. உப்புக் காற்றும் வியர்வையும் அம்முனைகளில் மெல்லிய படலமாகப் படிகின்றன. கமராவை நிறுத்தி, லென்சைக் கழற்றி, நூல் பிரியாத உலர்ந்த மென்துணியினால் மெதுவாகத் துடைத்தாலே பல வேளைகளில் நோய் தீரும். கத்தி, நகம், அரத்தாள் என்பன வேண்டா. மணற்காட்டு மணல்மேடுகளிலோ காரைநகர்க் கசூரினாக் கடற்கரையிலோ லென்ஸ் மாற்றுவதையும் தவிருங்கள். நுண்மணல் ஒன்று உட்புகுந்தால் லென்சின் மோட்டாரே இறுகிப்போகும்.

நான்காவது வெப்பமும் ஈரமும். பெரும்பாலான கமராக்கள் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரையான சூழலில் இயங்கவென அமைக்கப்பட்டவை. ஆவணி மாதத்து வெயிலில், தேர் இழுபடும் வீதியிலே தோளில் தொங்கும் கரிய கமராவின் மேனி இந்த எல்லையைத் தாண்டுதல் கூடும். அதிலும் உயர்தர வீடியோ தொடர்ந்து எடுத்தால், உள்ளிருக்கும் கணிப்பானின் சூடும் சேர்ந்து கமரா தன்னைத் தானே காத்துக்கொள்ள நிறுத்திவிடும். நிழலுக்குக் கொண்டுபோய், நிறுத்தி, பற்றரிக் கதவைத் திறந்து ஆறவிடுங்கள். ஐஸ் கட்டியின் அருகே வைத்தல் கூடவே கூடாது. உள்ளே நீர் பூக்கும். இதே காரணத்தினால், குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வரும்போதும் கமராவைப் பையினுள் மூடிக் கொணர்ந்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தே திறத்தல் நன்று.

ஐந்தாவது, துணைக் கருவிகள். பிலிம் காலத்துப் பழைய பிளாஷ் விளக்குகள் நம் ஸ்ரூடியோக்களில் இன்னும் இருக்கின்றன. அவற்றுட் சிலவற்றின் தூண்டு மின் 200 வோல்ற்றுக்கும் மேற்பட்டது. இக்காலக் கமராவின் தலையில் அதனைச் செருகினால், ஸ்தம்பிப்பது மாத்திரமன்றி, நிரந்தரமாகவே கெட்டுவிடவும் கூடும். ஆறாவது, ஷட்டர். இலட்சம், இரண்டு இலட்சம் முறை என்று அதற்கும் ஓர் ஆயுட் கணக்கு உண்டு. அதன் மெல்லிய தகடுகள் இடையிற் சிக்கி நின்றால், விரலாற் தொடாமல் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். இதில் மாத்திரம் நம் கைவைத்தியம் உதவாது.

இத்தனை காரணங்களுள் எது என்று எப்படி அறிவது? ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றிப் பாருங்கள். முதலிற் காட்டை மாற்றுங்கள், பின்னர் பழைய காட்டையே இட்டுப் பற்றரியை மாற்றுங்கள், பின்னர் லென்சை, பின்னர் பிளாஷைக் கழற்றிவிட்டு. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் கமரா ஓடும், ஆனால் எதனால் நின்றது என்று தெரியாது. அடுத்த கல்யாணத்தில் மறுபடியும் நிற்கும். ஒவ்வொரு முறையும் நேரம், வெயில், எத்தனையாவது படம், திரையிற் தோன்றிய எண், உபயோகித்த காட்டின் அடையாளம் ஆகியவற்றை ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். மூன்று நான்கு குறிப்புகள் சேர்ந்ததும், காரணம் தானாகவே முகம் காட்டும்.

இது நமக்குப் புதிய வித்தையன்று. 1990ஆம் ஆண்டின் பின், பற்றரிகள் இங்கு வருவது தடைப்பட்டு, மின்சாரமும் அற்றுப்போன காலத்திலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். எந்த முனையில் எந்தக் கம்பியைத் தொடுத்தால் ஒலி வரும், எவ்வளவு வேகத்தில் மிதித்தால் குரல் தெளியும் என்று பொறுமையோடு ஒன்றொன்றாகப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். அந்தப் பொறுமையே இந்தக் கமராவுக்கும் மருந்து.

தொழில் செய்யும் இளைஞர்களுக்கு இறுதியாகச் சில வார்த்தைகள். கல்யாணத்துக்கு முதல்நாள் மாலை கமராவின் நேரம், காட், பற்றரி மூன்றையும் சோதியுங்கள். ஒரு பெரிய காட்டில் எல்லாவற்றையும் இடாது, சடங்குக்கு ஒன்றாகச் சிறிய காட்டுகளைப் பிரித்து உபயோகியுங்கள். இரண்டு காட் இடும் கமராவாயின், ஒரே படத்தை இரண்டிலும் எழுதுமாறு அமைத்துவிடுங்கள். கமராவின் உள் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டுமாயின், நிறைந்த பற்றரியோடு, வேலையில்லாத நாளிற் செய்யுங்கள். கல்யாணத்துக்கு முதல்நாள் வேண்டாம். வீடு திரும்பியதும் சாப்பிட இருக்கு முன்னர் படங்களை இரண்டு இடங்களிற் பிரதி செய்யுங்கள். இரண்டாவது கமரா இல்லையென்றால், ஊரில் உள்ள இன்னொரு படப்பிடிப்பாளரிடம் அன்றைக்கு இரவல் கேட்பதில் வெட்கமில்லை. நாளைக்கு அவருக்கு நீங்கள் உதவலாம்.

கல்யாண வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். கமரா நின்றுபோன தம்பியைச் சூழ்ந்து நின்று அவசரப்படுத்தாதீர்கள். அவருக்கு அரை நிமிட அவகாசம் கொடுங்கள். கையிற் கைப்பேசி இருந்தால், அந்த அரை நிமிடத்தை நீங்கள் எடுத்துக் கொடுங்கள். படங்கள் கிடைத்ததும் உங்கள் பங்குக்கு ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒரு வீட்டுக்கு என்ன நேர்ந்தாலும் மறுவீட்டில் அது இருக்கும் என்ற பாடத்தை 1995 நமக்குக் கற்பித்துச் சென்றிருக்கிறது.

அந்த அம்மம்மாவின் கல்வெட்டில் அடையாள அட்டைப் படந்தான் அச்சாயிற்று. அதன் பிரதி ஒன்றை அவரது மகள் எனக்கும் கொடுத்தார். அதனைக் கமராப் பையின் உள்ளறையில் வைத்திருக்கிறேன். இன்றும் எங்கேனும் கமரா நின்றுபோனால், என் கை பற்றரிக் கதவுக்குப் போகுமுன் அந்த அறையை ஒருமுறை தொடும். அதற்குள் சிவப்பு விளக்கு பெரும்பாலும் அணைந்துவிடுகிறது.